மூன்றாவது சிலிண்டர்

உங்களைப் பற்றி எழுதப் போகிறேன் என்று ஸ்பேனரக்காவிடம் சொன்னேன். "எழுதுங்க தோழர். ஆனா தியாகி கியாகின்னு எழுதினீங்கன்னா, அப்புறம் பேனா புடிக்க விரல் இருக்காது" என்றார். ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் தியாகி இல்லை. பிடிவாதக்காரி. வாய் கொஞ்சம் நீளம். பழைய கார் என்றால் உயிரை விடுவார். குதிரை என்றால் பத்தடி தள்ளி நிற்பார். இது ஆரம்ப நிலவரம்.

பேருந்துப் பணிமனையில் எஞ்சின் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அங்கே சங்க வேலை பார்த்தவன் நான். மேடையில் நான் முழங்கிக்கொண்டிருப்பேன். அவர் கடைசி வரிசையில் ஏதாவது ஒரு கார்புரேட்டரை மடியில் போட்டுத் துடைத்துக்கொண்டிருப்பார். ஆதரவு தெரிவிக்கக் கை தூக்கச் சொன்னால் மசி படிந்த கையைத் தூக்குவார். என் பேச்சு நீண்டால், "தோழர், எஞ்சின் சூடாயிடுச்சு, ஆஃப் பண்ணுங்க" என்று பின்னாலிருந்து குரல் வரும். நான் சுருக்கமாகப் பேசக் கற்றுக்கொண்டது அந்தக் குரலுக்குப் பயந்துதான்.

அவருடைய கார் அவரைவிட மூத்தது. பழைய இரும்புக் கடையில், உள்ளே கோழிகள் குடியிருந்த நிலையில் கண்டெடுத்தார். கரும்பச்சை நிறம். முன்விளக்குகள் இரண்டும் தவளைக் கண்கள் போலத் தனியாகப் பிதுங்கி நிற்கும். பின்பக்கம் ஸ்டெப்னி சக்கரம் வெளியே மாட்டியிருக்கும். அவருடைய கணவர் தையல்காரர். கடையின் முன்பாதியில் அவர் கால்சட்டை தைப்பார். பின்பாதியில் இவர் காரைப் பிரித்துப் பரப்பியிருப்பார். தைக்கக் கொடுத்தவர்கள் புதுச் சட்டையைப் பெட்ரோல் வாசனையோடு வாங்கிப் போவார்கள்.

"உங்க வீட்டம்மா கார் ஓட்டுவாங்களாமே?" என்று யாராவது கேட்டால் தையல்காரர் ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்வார்: "ஓட்டுறதை நான் பாத்ததில்ல. கழட்டுறதைத்தான் பாத்திருக்கேன்."

தையல்காரரின் தம்பி தபால்காரர். அவருக்குக் குதிரைப் பைத்தியம். மாடியில் ஒற்றை அறையில் குடியிருக்கும் மனிதனுக்குச் சொந்தமாக ஒரு பெட்டைக் குதிரை. குதிரையேற்றம் சொல்லித் தரும் இடத்தில் வேண்டாம் என்று கழித்துவிட்ட செம்பழுப்புக் குதிரை அது. ஒரு முறை சாலையில் மோட்டார் சைக்கிள் ஒன்று அதன் விலாவை உரசிவிட்டுப் போனது. அதிலிருந்து எஞ்சின் சத்தம் கேட்டாலே மிரளும், முன்காலைத் தூக்கும், கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடும். ஏறி உட்கார ஆள் வரவில்லை. தபால்காரர் அதைத் தன்னுடையதாக்கிக்கொண்டார். ஊர்க்கோடியில் இருக்கும் லாயத்தில் தினமும் விடியற்காலை சாணி அள்ளித் தருவார். பதிலுக்கு லாயத்துக்காரம்மா அந்தக் குதிரைக்கு ஒரு தடுப்பு ஒதுக்கித் தந்திருந்தார். ஸ்பேனரக்கா அதற்கு வைத்த பெயர் மகாராணி. வேலை எதுவும் செய்யாமல் சாப்பிடுகிறதாம்.

கார்க்காரர்களும் குதிரைக்காரர்களும் எப்படி ஒன்று சேர்ந்தார்கள் என்று கேட்பீர்கள். கொள்கை ஒன்றும் இல்லை, நிழல்தான். பூட்டிக் கிடக்கும் கிடங்கு ஒன்றின் பின்னால் பெரிய மைதானம் இருக்கிறது. அதில் ஒரே ஒரு வரிசை மரங்கள். ஞாயிற்றுக்கிழமை பழைய கார் வைத்திருப்பவர்கள் பெயின்ட் வெளுக்காமல் நிறுத்த இடம் தேடி வந்தார்கள். குதிரை வைத்திருப்பவர்களும் அதே நிழலுக்கு வந்தார்கள். முதலில் முறைத்துக்கொண்டார்கள். பிறகு பேச்சுக் கொடுத்துப் பார்த்தபோது தெரிந்தது, இரண்டு தரப்புக்கும் ஒரே வியாதி. இவர்கள் டயரைப் பற்றிப் பேசுவதும் அவர்கள் குளம்பைப் பற்றிப் பேசுவதும் ஒரே பேச்சு. இரண்டு கூட்டமும் வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டுதான் வருகிறது.

"உங்க குதிரை நின்ன இடமெல்லாம் சாணி" என்பார் ஒருவர்.

"உங்க கார் நின்ன இடமெல்லாம் எண்ணெய். எங்களுது செடிக்காவது ஆகும்" என்று பதில் வரும்.

மருந்துக்கடைக்காரர் ஒருவர் உண்டு. தன் வெள்ளைக் காரை ஓட்டும் நேரத்தைவிடத் துடைக்கும் நேரம் அதிகம். மெருகு என்று அவருக்குப் பெயர். அவருக்கும் ஸ்பேனரக்காவுக்கும் எப்போதும் ஒரு உரசல் உண்டு, பாசமான உரசல்தான். அந்தச் சமயம் ஸ்பேனரக்காவின் கார் நொண்டிக்கொண்டிருந்தது. மின்சாரத்தை ஒவ்வொரு பிளக்குக்கும் பங்கிட்டு அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் என்ற பாகத்தின் மூடியில் விரிசல். நாலு சிலிண்டரில் மூன்றாவதற்குப் பொறி போகவில்லை. அந்த மாடல் மூடி எங்குமே கிடைக்கவில்லை. கார் நடுங்கிக்கொண்டு, இடையிடையே விக்கிக்கொண்டு வரும்.

"என்னக்கா, வண்டிக்குச் சளியா? கடைப்பக்கம் கூட்டிட்டு வாங்க, மருந்து தரேன்" என்பார் மெருகு.

"நீ முதல்ல உன் வண்டிய ஸ்டார்ட் பண்ணிக் காட்டு. அதுக்கு எஞ்சின் இருக்கான்னே எனக்குச் சந்தேகம்" என்பார் இவர். ஆனால் உள்ளுக்குள் அவமானம் பிடுங்கித் தின்றது. வாழ்நாள் பூராவும் எஞ்சின் பார்த்தவரின் சொந்த எஞ்சின் நொண்டினால் எப்படி இருக்கும்?

அப்போதுதான் லாயத்துக்கு இடம் மாற்ற வேண்டி வந்தது. இருந்த நிலத்தில் கட்டடம் வருகிறது. புது இடம் நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம். குதிரைகளைத் தினமும் அந்தச் சாலை வழியாகத்தான் மேய்ச்சலுக்கு நடத்திப் போக வேண்டும். லாயத்துக்காரம்மா தபால்காரரைக் கூப்பிட்டுப் பேசினார்.

"தம்பி, உன் குதிரை மேல எனக்கு ஒண்ணும் கோவமில்ல. ஆனா லாரி போற ரோட்ல அது கயித்தை அறுத்துட்டு ஓடினா, அதுவும் சாகும், எவனாவது ஒரு புள்ளைக்காரனும் சாவான். இடம் மாத்துற அன்னைக்கு அது ரோட்ல ஒழுங்கா நடந்து வரணும். வரலன்னா வியாபாரிகிட்ட குடுத்துடு."

கொடுமைக்காரி என்று நினைக்காதீர்கள். அவர் சொன்னதில் தப்பே இல்லை. ஆனால் அந்த வியாபாரி கை மாறின குதிரைகள் எங்கே போகின்றன என்று யாருக்கும் தெரியாது. தபால்காரருக்கோ மகாராணியைக் கட்டி வைக்க வேறு இடம் கிடையாது. மாடிப்படியில் ஏற்ற முடியுமா?

அண்ணன் வீட்டில் வந்து உட்கார்ந்தார். சாப்பிடவில்லை. தையல்காரர் தம்பியைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், தையல் இயந்திரத்தை மிதிக்கத் தொடங்கினார். ஸ்பேனரக்காதான் கேட்டார்.

"அதுக்கு எஞ்சின்னாதானே பயம்?"

"ஆமா அண்ணி."

"என் வண்டிய ஓட்டிக்கிட்டு வரேன். பழக்குவோம்."

"அண்ணி, உங்களுக்குக் குதிரைன்னாலே ஆகாதே."

"நான் குதிரைகிட்ட வரேன்னா சொன்னேன்? வண்டிக்குள்ள உக்காந்திருப்பேன். கண்ணாடிய ஏத்திக்குவேன்."

முதலில் எஞ்சினை அணைத்துவிட்டு லாயத்து வேலியோரம் காரை நிறுத்தி உள்ளே உட்கார்ந்திருந்தார். நானும் பக்கத்து இருக்கையில். மகாராணி எதிர்மூலையில் ஒட்டிக்கொண்டு நின்றது. மறுநாளும் அப்படியே. மூன்றாவது முறை தபால்காரர் தீனி வாளியைக் கொண்டுவந்து பானட் மேல் வைத்தார். ஸ்பேனரக்கா துடித்துப் போனார்.

"டேய், கீறல் விழும்டா!"

"அடியில சாக்கு போட்டிருக்கேன் அண்ணி."

குதிரை வந்தது. நின்று நின்று, கழுத்தை மட்டும் நீட்டி, வாளியில் வாய் வைத்தது. தின்று முடித்துவிட்டுப் பானட்டை நக்கியது.

"நக்குதுடா உங்க மகாராணி! நான் கையால தேய்ச்சு அடிச்ச பெயின்ட்!"

"பாசம் அண்ணி."

"பாசத்தை உங்க அண்ணன் மேல காட்டச் சொல்லு. அவருக்கும் ஆள் வேணும்."

சொன்னாரே தவிர, அந்த எச்சிலை அங்கே வைத்துத் துடைக்கவில்லை. துடைத்தால் துணி அசைவுக்கு அது மிரளுமாம்.

பிறகு எஞ்சின். தூரத்தில் வாசல் அருகே ஓடவிட்டு, ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே கொண்டுவந்தார். கார் விக்கியது, நடுங்கியது, எரியாத பெட்ரோல் நாற்றத்தைக் கக்கியது. மகாராணி காதை முன்னும் பின்னும் திருப்பித் திருப்பிக் கேட்டது. ஆனால் ஓடவில்லை.

"அண்ணி, உங்க வண்டி குதிரை பாய்ச்சல்ல போற மாதிரியே சத்தம் போடுது. அதான் இவளுக்குப் புடிச்சிருக்கு" என்றார் தபால்காரர்.

"எஞ்சின் என்ன வேகத்துல வெடிக்குதுன்னு தெரியுமா உனக்கு? அந்த வேகத்துல எந்தக் குதிரையும் காலைத் தூக்கி வச்சா முட்டி கழண்டுடும். போய் தபாலைக் குடு."

அடுத்தது நகர்ந்துகொண்டே பழக்குவது. முதல் கியரில், நடக்கும் வேகத்தில், கிளட்ச்சை அரைகுறையாக மிதித்துக்கொண்டு லாயத்தைச் சுற்றி வர வேண்டும். கார் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய பாவம் என்று புரியும். கிளட்ச் தேய்ந்து கருகும். "போச்சு, போச்சு" என்று புலம்பிக்கொண்டேதான் ஓட்டினார். ஒரு காலை புலம்பல் திடீரென்று நின்றது. என்ன என்று திரும்பினேன். அவர் பின்பார்வைக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடி முழுக்கக் குதிரை முகம். தபால்காரர் கயிற்றைத் தளர்த்தி விட்டிருந்தார். மகாராணி யாரும் இழுக்காமல், ஸ்டெப்னி சக்கரத்தின் மேல் மூக்கை வைத்தாற்போலப் பின்னால் நடந்து வந்துகொண்டிருந்தது. அதற்கப்புறம் அவர் கிளட்ச்சைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கார் கண்ணாடியையும் ஏற்றி வைக்கவில்லை.

இடம் மாற்றுவதற்கு முந்தைய நாள் மதியம் ஒரு பார்சல் வந்தது. கொண்டுவந்தவர் வேறு யார், நம் தபால்காரரேதான். வெளியூரில் இருக்கும் ஒரு பழைய கார் பிரியர் தன் சேகரிப்பிலிருந்து அனுப்பிய டிஸ்ட்ரிபியூட்டர் மூடி. விரிசல் இல்லாதது.

ஸ்பேனரக்கா கொழுந்தனுக்குத் தண்ணீர் கூடக் கொடுக்கவில்லை. பிரித்தார், பொருத்தினார், பிளக்குகளைத் துடைத்தார், டைமிங் வைத்தார்.

"இன்னைக்கேவா? நாளைக்கு முடிச்சுட்டு மாட்டிக்கலாமே" என்றார் தையல்காரர்.

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை. மைதானத்து ஆளுங்க அத்தனை பேரும் ரோட்டோரம் நின்னு பாப்பாங்க. மெருகு முன்னாடி நொண்டிக்கிட்டே போகச் சொல்றீங்களா?"

பொழுது சாய்வதற்குள் எஞ்சின் பட்டாக ஓடியது. எனக்கு ஆள் அனுப்பினார். போனேன். பானட் மேல் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் வைத்திருந்தார். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது, தண்ணீர் அசையவில்லை. "பாத்தீங்களா தோழர்?" என்றார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். நானும் தலையாட்டினேன். அங்கிருந்த ஒருவருக்கும் வேறு எதுவும் தோன்றவில்லை.

காலையில் மற்றக் குதிரைகள் எல்லாம் சாலையைக் கடந்து போய்விட்டன. மகாராணி மட்டும் வாசலில். கார் சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு வந்து முன்னால் நின்றது. மகாராணி தலையைத் தூக்கியது. கண்ணில் வெள்ளை தெரிந்தது.

"போலாம்டா" என்றார் ஸ்பேனரக்கா. கார் நகர்ந்தது. குதிரை நான்கு காலையும் ஊன்றிக்கொண்டது. தபால்காரர் தட்டிக் கொடுத்தார், கெஞ்சினார், கேரட் காட்டினார். கார் ரிவர்ஸில் வந்து நின்று மறுபடியும் நகர்ந்தது. இந்த முறை மகாராணி முன்காலைத் தூக்கி எழுந்தது. கயிறு தபால்காரரின் உள்ளங்கையை உரித்துக்கொண்டு ஓடியது. விடவில்லை அவர். இன்னொரு தரம் முயன்றார்கள். அது இன்னும் மோசம்.

லாயத்துக்காரம்மா முன்னால் வந்தார். "போதும் தம்பி. அதை வதைக்காத. சாயங்காலம் வியாபாரியை வரச் சொல்றேன்."

தபால்காரர் குதிரையின் கழுத்தில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றார். பெரிய ஆள்தான், அந்த நேரம் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி இருந்தார்.

ஸ்பேனரக்கா காரை அணைக்காமலே இறங்கி வந்தார். பத்தடி தள்ளி நிற்கிற பழக்கமெல்லாம் எங்கே போனதோ, நேராகக் குதிரையின் மூஞ்சிக்கு முன்னால் போய் நின்றார்.

"என்னடி உனக்கு? நேத்து வரைக்கும் வால் புடிச்ச மாதிரி பின்னாலயே வந்தியே! இன்னைக்கு என்ன வந்துச்சு?"

அந்த நேரம் பார்த்து மெருகு, "அக்கா, எஞ்சின் என்னமா ஓடுது! பக்கத்துல நின்னாக்கூட கேக்கல" என்றார்.

"வாயை மூடு."

சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்ற தையல்காரர் மெல்லச் சொன்னார்: "அவர் சொல்றது நெசந்தான். காலைல நீ வண்டிய எடுத்தது எனக்கே தெரியல. பின்னால போய்ப் பாத்தா வண்டியக் காணோம். எவனோ தூக்கிட்டான்னு நெனைச்சேன். தெனமும் தெருவே எழுந்துக்குமே."

ஸ்பேனரக்கா கணவரைப் பார்த்தார். காரைப் பார்த்தார். அது முனகக்கூட இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

"அண்ணி," என்றார் தபால்காரர், தலையைத் தூக்கி. "இவளுக்கு இது வேற வண்டி."

"புரியுதுடா" என்றார் அவர்.

புரிந்தும் அசையவில்லை. பானட் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். என்ன கணக்குப் போட்டாரோ. சாலையோரம் முழுக்க மைதானத்து ஆட்கள். பானட்டைத் திறந்தார். தையல்காரரின் தோளில் கிடந்த துணியை உருவிக் கையில் சுற்றிக்கொண்டார். ஓடுகிற எஞ்சினில், மூன்றாவது பிளக்கின் வயரைப் பிடுங்கினார்.

கார் விக்கியது. உடம்பு பூராவும் நடுங்கியது. தண்ணீர் டம்ளர் அசையாத எஞ்சின், மறுபடியும் இருமல்காரன் ஆனது. மெருகு வாயைப் பொத்திக்கொண்டார். கொஞ்சம் கழித்து அந்தப் பெட்ரோல் நாற்றமும் எழுந்தது. முதலில் மகாராணியின் காது திரும்பியது. அப்புறம் மூக்கு விரிந்தது. ஒரு காலை எடுத்து வைத்தது.

"ஏறுங்க அண்ணி, ஏறுங்க!"

சாலையை மறிப்பது எனக்குத் தெரிந்த வேலை. நடுவில் போய் நின்று, ஒரு பக்கத்து வண்டிகளைப் பார்த்துக் கைக்குட்டையை ஆட்டினேன். முதல் லாரியின் ஓட்டுநர் என்னைத் தெரிந்தவர்தான், தலையை நீட்டினார்.

"என்ன தோழர், போராட்டமா?"

"இல்ல. குதிரை போகுது."

"குதிரைக்கும் சங்கம் ஆரம்பிச்சிட்டீங்களா?"

கார் நொண்டி நொண்டி முன்னால் போனது. பின்னால் மகாராணி. நான் மறிக்காத பக்கத்திலிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் சீறிக்கொண்டு வந்தது. குதிரையின் தோல் முழுக்கச் சிலிர்த்தது. ஓடப் போகிறது என்று நினைத்தேன். அது இரண்டு எட்டு வேகமாக வைத்து ஸ்டெப்னி சக்கரத்தை இன்னும் ஒட்டிக்கொண்டது. ஸ்பேனரக்கா காரைப் பக்கவாட்டில் ஒடித்து எதிர்வண்டிகளுக்கும் குதிரைக்கும் நடுவே கொண்டுவந்தார். பேருந்து ஒன்று போனது. அவர்கள் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தார்கள்.

லாயத்துக்காரம்மா பின்னாலேயே நடந்து வந்தார். "இந்த வண்டி முன்னால போற வரைக்கும் இருக்கட்டும். தனியா நடக்கப் பழகுதான்னு அப்புறம் பாக்கலாம்" என்றார்.

தபால்காரர் கார் ஜன்னலில் குனிந்தார். "அண்ணி..."

"பேசாத. மூஞ்சியத் தொடச்சிக்கிட்டு அதுக்குத் தண்ணி காட்டு. கையில மருந்து போடு."

அன்றிலிருந்து தினமும் காலையில், தபால்காரர் வேலைக்குப் போகுமுன், நொண்டிக் காருக்குப் பின்னால் மகாராணி மேய்ச்சலுக்குப் போனது. எரியாத பெட்ரோல் உள்ளே இறங்கி எண்ணெயைக் கெடுக்கும். அவருக்குத் தெரியாததா? எண்ணெயை அடிக்கடி மாற்றினார். பிளக்கைக் கழற்றித் துடைத்து, மறுபடியும் வயர் இல்லாமலே மாட்டினார். மைதானத்தில் கார்களை வரிசையாக ஓடவிட்டுக் காட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் கடைசியாக வந்து நின்றார். புதிதாக வந்த ஆட்கள் சிரித்தார்கள். அவர் சிரிப்பவர்களின் காரில் என்ன கோளாறு என்று சத்தமாகச் சொன்னார். நான்தான் சொன்னேனே, தியாகி இல்லை.

மாதங்கள் போயின. மகாராணி இப்போது லாரிக்குப் பக்கத்திலும் தனியாக நடக்கிறது. மோட்டார் சைக்கிளைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. தபால்காரரே போய்ச் சொன்னார்: "அண்ணி, இனி பயமில்ல. நீங்க வயரை மாட்டிக்கலாம்."

"பாக்கலாம்" என்றார்.

மறுநாள் காலையும் தெரு எழுந்துகொண்டது.

போன ஞாயிற்றுக்கிழமை நானும் மைதானத்தில் இருந்தேன். மெருகு வந்தார்.

"அக்கா, குதிரைதான் தனியா நடக்குதே, வண்டி ஏன் இன்னும் நொண்டுது? மூடி மறுபடியும் விரிஞ்சி, வேற கிடைக்கலையா?"

"கிடைக்கல."

"எங்கெல்லாம் தேடினீங்க?"

"உலகம் பூரா."

மெருகு அதற்குள் பானட்டைத் தூக்கிவிட்டார். உள்ளே அதே புது மூடி, விரிசல் இல்லாமல் பளபளவென்று இருந்தது. மூன்றாவது வயர் பக்கவாட்டில் மடக்கி, தையல்காரரின் பழைய அளவு நாடாத் துண்டால் ஒழுங்காகக் கட்டப்பட்டிருந்தது. கார் தெரிந்த மனிதர். ஒரு பார்வை போதும் அவருக்கு. நிமிர்ந்து ஸ்பேனரக்காவைப் பார்த்தார். அவர் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். மரநிழலில் மகாராணி, புல்லைப் பாதி மென்ற வாயோடு, இந்தக் காரின் பக்கம் காதைத் திருப்பி வைத்துக்கொண்டு நின்றது.

மெருகு பானட்டை இரண்டு கையாலும் மெதுவாக இறக்கினார். தன் விரல் பட்ட இடத்தைச் சட்டைக் கையால் துடைத்தார்.

"கிடைக்காதுக்கா," என்றார். "ரொம்பப் பழைய மாடல்."